கீழே இறங்காத பார்வை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நத்தை என்று கூப்பிடுகிற நான்தான் எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா, இருமல் நின்றதா, விடுதிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எழுது.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. போனைக் காதில் வைத்தாலே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. உன் பக்கத்திலும் விடுதிக்காரிகள் வரிசையாக நின்று "சீக்கிரம் முடி" என்று கத்துகிறார்கள். எழுதும்போது என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அப்பாவுக்குக் கோணியிருந்த வாய் நேராகிவிட்டது. வலது கை பழையபடி பிரஷ்ஷை இறுக்கிப் பிடிக்கிறது. பக்கவாதம் வந்த மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்று இருக்கிறது அக்கா. அவர் கீழே பார்ப்பதே இல்லை. போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி நேராகவே பார்த்துக்கொண்டிருக்கிறார். டீ டம்ளரை முன்னால் வைத்தால் கை தடவித் தேடுகிறது. நேற்று அதைத் தட்டிவிட்டு, "இங்க எவ வெச்சது?" என்றார். என்னை விட்டால் வேறு எவள் இருக்கிறாள்? வாசல் படியில் காலால் துழாவித்தான் இறங்குகிறார். எதிர்வீட்டு அத்தை தரையில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தாளாம், அப்பா அவளைக் கண்டுகொள்ளாமலே தாண்டிப் போனாராம். "என்னடி, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததுல உங்கப்பாவுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சா?" என்று கேட்டாள். நான் சிரித்து வைத்தேன்.

நீ இங்கே இருந்தபோது இது நம் கண்ணில் படவில்லை. அப்போது அவர் படுத்தே இருந்தார். நாம்தான் அவர் மேல் குனிந்து குனிந்து பார்த்தோம்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் தங்கை


பிப்ரவரி 14

என் நத்தைக்கு,

நலம். இருமல் போய்விட்டது, தண்ணீர் வருகிறது, வார்டன்தான் போகவில்லை. தையல் கூடத்தில் என்னைக் காலர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சட்டை முழுசாக எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடும் போலிருக்கிறது. கழுத்து, கழுத்து, கழுத்து.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஊசியில் கவனம் நிற்கவில்லை. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்குமோ? அவர் நல்லாத்தான் இருக்கேன் என்பார். நம்பாதே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் கேட்டால் வாயைத் திற. உனக்குப் பேச வராவிட்டால் எனக்கு எழுதியதையே அவரிடம் நீட்டு. அப்பா அதுவரை ஏணிப் பக்கம் போக வேண்டாம். பெயிண்டர் வேலை எங்கேயும் ஓடிப்போகாது.

மாத்திரையை உன் கையாலேயே கொடு.
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

உன் நலம் அறிந்து நிம்மதி. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம்.

டாக்டரம்மா ஒரு பேனாவை அப்பா முகத்துக்கு முன்னால் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்தினார். அப்பாவின் கண் கூடவே போனது. மேலே கொண்டுபோனார், ஓரளவு போனது. கீழே கொண்டுவந்தார். பேனா மட்டும்தான் இறங்கியது. கண் அப்படியே நின்றது, பேருந்தைத் தவறவிட்ட ஆள் மாதிரி.

பிறகு பேனாவை அசைக்காமல் பிடித்து, "அதையே பாருங்க" என்று சொல்லி, அப்பாவின் தலையை மெதுவாகப் பின்னால் சாய்த்தார். அப்போது கருவிழி தானாகக் கீழே இறங்கியது! நான் பயந்துபோனேன். டாக்டரம்மா சிரித்தார். "கண்ணு நல்லா இருக்கு. கண்ணை இழுக்கிற தசையும் நல்லா இருக்கு. கீழ திரும்புன்னு உத்தரவு போடுற இடம் மூளையில இருக்கில்ல, வாதம் வந்தப்ப அங்கதான் அடிபட்டிருக்கு" என்றார். சில பேருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருமாம். சில பேருக்கு வராதாம். தலையையே குனிந்து பார்க்கலாமே என்றால், குனிந்ததும் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. ஏணி, மாடிப்படி இரண்டும் கூடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்ததும் அப்பா, "சுவரு எனக்கு நேராத்தானே நிக்குது? அது என்ன தரையிலயா படுத்திருக்கு?" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து, "மேஸ்திரி காதுக்கு இது போகக் கூடாது. என் மேல ஆணை" என்றார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன்.

தினமும் என் விரலை அவர் மூக்குக்கு நேரே பிடித்து மெல்லக் கீழே இறக்க வேண்டும், அவர் கண்ணால் பின்தொடர முயல வேண்டும். இதுதான் பயிற்சி. நேற்று விரல் கழுத்துக்கு வந்த பிறகும் அவர் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுதாப்பா?" என்றேன். "தெரியுது தெரியுது" என்றார்.

பத்திரமாக இரு.
உன் தங்கை


மார்ச் 12

நத்தைக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

கடிதத்தை நாலு தரம் படித்தேன். கண் நல்லா இருக்கிறது, ஆனால் இறங்காது என்றால் அதை எப்படித் தைத்துச் சரிசெய்வது? பக்கத்து மிஷின்காரியிடம் சொன்னேன். "பரவால்ல, நம்ம சூப்பர்வைசருக்கு இது வந்தா எவ்வளவு நல்லா இருக்கும், நம்ம கையையே பார்க்க மாட்டான்" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டாரா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது. ஏணி மேல் ஏறிவிட்டு இறங்குகிறவனுக்குக் கீழேதானே பார்வை வேண்டும்? அப்பாவை ஏற விடாதே. விடமாட்டேன் என்று எழுது.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ நலமா? இங்கே வெயில் ஏறிவிட்டது. எதிர்வீட்டு அத்தையின் பூனை நம் பெயிண்ட் சாக்கின் மேல் குட்டி போட்டிருக்கிறது. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். தட்டை மேஜையில் வைத்து, அதன் கீழே பெரிய டப்பாவைக் கவிழ்த்துக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன். இப்போது சிந்துவதில்லை. பயிற்சி தவறாமல் நடக்கிறது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார்.

நீ கவலைப்படாதே. கவலைப்பட்டால் ஊசி விரலில் ஏறிவிடும்.

உன் தங்கை


ஏப்ரல் 8

தங்கைக்கு,

பூனை குட்டி போட்டதை எழுதத் தெரிந்தவளுக்கு நான் கேட்டதற்குப் பதில் எழுதத் தெரியவில்லையா? ஏணியைப் பற்றி ஒரு வரி இல்லை. மேஸ்திரியைப் பற்றியும் இல்லை. சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தாலும் நீ இப்படித்தான், வானத்தைப் பற்றிப் பேசுவாய்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையை எழுது. திட்ட மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

நலம். உண்மையாகவே நலம்.

அப்பா வேலைக்குப் போகிறார். நான் படிப்பை விட்டேனே, அதே பள்ளிக்கூடம். அங்கே பெரிய கூடத்துக்கு பெயிண்ட் அடிக்கிறோம். விடுமுறை என்பதால் பிள்ளைகள் யாரும் இல்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல் நான் நின்ற வகுப்பறை இந்தக் கூடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் பெயிண்டைக் கலக்குகிறேன்.

அவரை நான் எப்படித் தடுப்பேன் அக்கா? வீட்டில் இருந்த நாள்களில் அவர் விரலால் சுவரைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டி சரியா போடல எவனோ" என்று நம் வீட்டுச் சுவரையே திட்டினார். அதைப் போட்டது அவரேதான்.

நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஏறும்போது அவருக்குச் சிரமமில்லை. இறங்கும்போதுதான் படி தெரியாது. "நீ கீழ நின்னு சொல்லு, நான் கால் வைக்கிறேன்" என்றார். எனக்கு அந்தக் கூடத்தில் குரலே எழும்பவில்லை. மேஸ்திரி வேறு நிற்கிறார். "சரி, வாய்தான் இல்ல, கை இருக்குல்ல?" என்றார் அப்பா. இப்போது பட்டி போடும் தகட்டின் பிடியால் ஏணிக் காலில் தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் இன்னும் படி இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு தட்டு என்றால் அடுத்தது தரை. மேஸ்திரி நான் பொழுதுபோகாமல் தாளம் போடுகிறேன் என்று நினைத்து, "உன் பொண்ணு பேசாட்டியும் நல்லா வாசிக்குதுய்யா" என்கிறார். அப்பா மேலே நின்று சிரிக்கிறார்.

இதுவரை ஒரு தரம்கூடத் தவறவில்லை. நான் கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை.

நீ திட்ட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய்.
உன் தங்கை


ஏப்ரல் 24

திட்டத்தான் போகிறேன்.

உனக்கு ஒரு தும்மல் வந்தால் என்ன ஆகும்? யாராவது உன்னைக் கூப்பிட்டு நீ திரும்பினால்? ஒரு மனிதரின் உயிரைத் தகட்டுப் பிடியில் கட்டி வைத்திருக்கிறீர்கள், அதற்கு நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பு வேறு.

அவர் ஆணை கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "ஏறாதீங்க அப்பா." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஊருக்குக் கேட்க வேண்டாம், அவருக்குக் கேட்டால் போதும். உன்னால் முடியாவிட்டால் நானே மேஸ்திரிக்கு எழுதிவிடுவேன். உடனே பதில் போடு.

அக்கா


மே 20

நத்தை,

பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் வாசலில் தபால்காரரைப் பார்த்து நிற்கிறேன். அவர் இப்போதெல்லாம் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். வீட்டுக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எதிர்வீட்டு அத்தையைப் போனில் பிடித்தேன். "இருக்காங்க, இருக்காங்க. உங்கப்பா வெளிய வர்றதில்ல, அவ்வளவுதான். நீ வேலையைப் பாரு" என்றாள். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் வெளியே வருவதில்லை?

நான் கடுமையாக எழுதியதால் பேசாமல் இருக்கிறாயா? அப்படியென்றால் அதையாவது எழுது. மேஸ்திரிக்கு நான் எழுதவில்லை. உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தது தப்போ என்று ஒவ்வொரு காலரிலும் யோசிக்கிறேன். லீவு கேட்டிருக்கிறேன். தருவார்களா தெரியாது.

அப்பா இருக்கிறாரா? ஒரு வார்த்தை எழுது.


மே 28

அன்புள்ள அக்கா,

அப்பா இருக்கிறார். அவருக்கு அடி எதுவும் படவில்லை. முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு.

எழுதி எழுதிக் கிழித்தேன். போன் மணி அடித்தபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எடுக்க முடியவில்லை.

நீ திட்டி எழுதிய கடிதம் வந்த அன்று அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் ஏணியில் ஏறும்வரை சொல்லவில்லை. ஏறிய பிறகு, இறங்கட்டும், சொல்லலாம் என்று நின்றேன். மேல் மூலையை முடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தார். ஒரு தட்டு தட்டினேன். ஒரு கால் இறங்கியது. அந்த நேரம் பார்த்துக் கூடத்தின் மறுகோடியில் தச்சர் ஜன்னல் சட்டத்தில் ஆணி அடித்தார். அடுத்தடுத்து இரண்டு அடி. காலியான கூடம் அக்கா, எங்கே அடித்தாலும் காலடியில் அடித்த மாதிரி கேட்கும்.

அப்பா ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டார். தரையில் வைக்கப்போகிற மாதிரி காலைப் பின்னால் நீட்டினார். அவர் கால் என் தலைக்கும் மேலே இருந்தது. அவர் முகம் நேராக, அமைதியாக இருந்தது.

"அப்பா! அது நானில்ல! தரை இல்ல! கைய விடாதீங்க!"

என் குரல்தான். சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்பா ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தச்சர் சுத்தியலைக் கீழே போட்டார். மேஸ்திரி ஓடி வந்து, "தரை இல்லன்னு அவருக்குத் தெரியாதா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவரால கீழ பாக்க முடியாது" என்றேன். ஆணையை உடைத்தேன். அதையும் சத்தமாகவே சொன்னேன், நிறுத்தத் தெரியவில்லை. வாசலில் என் பழைய வகுப்பு டீச்சர் நின்றிருந்தார். "இந்தப் பொண்ணுக்குக் குரல் இருக்கா?" என்று யாரிடமோ கேட்டார்.

மேஸ்திரி ஏறி, அப்பாவின் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து இறக்கினார், குழந்தையை இறக்குகிற மாதிரி. "செத்திருந்தா நான் யாருக்குய்யா பதில் சொல்றது?" என்று அழுகிற குரலில் திட்டினார். நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

அதிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பயிற்சிக்கு விரலை நீட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறார். நான் தட்டை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். அவர் பார்வை என் தலைக்கு மேலேயே போகிறது. என்னைப் பார்க்க முடியாததால் பார்க்கவில்லையா, பார்க்கப் பிடிக்காததால் பார்க்கவில்லையா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. கேட்கப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை


ஜூன் 5

என் நத்தைக்கு,

அப்பா உயிரோடு இருக்கிறார் என்ற வரியைப் படித்துவிட்டு மிஷினை நிறுத்தினேன். சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும். லீவு கிடைக்கவில்லை. அதற்கும் சேர்த்து நீதான் எனக்குப் பதிலாக அங்கே இருக்க வேண்டும்.

நம் அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாய் ஓயாது. உனக்குத் தெரியாதா? பெயிண்ட் டப்பா மூடி திறக்கவில்லை என்றால் அதை இரண்டு நாள் திட்டுவார். அவர் பேசாமல் இருந்தால் அது கோபமாக இருக்காது. மேஸ்திரி கணுக்காலைப் பிடித்து இறக்கியதை அவர் பெற்ற பெண் பார்த்துவிட்டாள். இந்த வீட்டில் வெட்கப்படுகிறவள் நீ ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாயா?

இன்னொன்று. நீ எப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருக்கிறாய். அவர் கண் அங்கே வராது. எப்போது வரும் என்று டாக்டருக்கே தெரியாது. அதுவரை காத்திருக்காதே. அவர் கண் இருக்கிற உயரத்துக்கு நீ போ. போய்க் கேள். என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுது.

அக்கா


ஜூன் 22

பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

நலம். உன் கடிதத்தைச் சின்னவள் வாசித்துக் காட்டினாள். ஆமாம், சத்தமாகத்தான் வாசித்தாள்.

இதை நின்றுகொண்டு எழுதுகிறேன். மேஜையில் வைத்தால் எனக்குத் தாள் தெரியாது. அவள் அதைச் சுவரில் என் முகத்துக்கு நேரே ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். சுவரில் எழுதுவது எனக்குப் புதிதா என்ன? பேனாவில் மை கீழே இறங்கமாட்டேன் என்கிறது. என் கண்ணைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ என்னவோ. பென்சிலுக்கு மாறிவிட்டேன்.

போன வாரம் நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ இழுக்கிற சத்தம் கேட்டது. வீட்டு ஏணியை இழுத்து வந்து எனக்கு எதிரே விரித்தாள். அதன் படியில் ஏறி உட்கார்ந்தாள். வாதம் வந்து படுத்து எழுந்ததிலிருந்து அவள் முகத்தை நான் முழுதாகப் பார்க்கவே இல்லை பெரியவளே. உச்சந்தலையும் வகிடும்தான் எனக்குத் தெரிந்த சின்னவள். முகம் இளைத்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. என்னால் வந்த கருப்பு. "எம்மேல கோவமாப்பா?" என்று கேட்டாள். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்கு ஏணியில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, தெரியுமா? கீழே தரை இருக்கிறது என்று சத்தியமாக நம்பிக்கொண்டு காலை நீட்டினேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆணை கேட்டவன் நான். அந்தப் பயத்தை அவள் தலையில் ஏற்றி வைத்துவிட்டு மேலே நின்று சிரித்தேன்.

மேஸ்திரி வந்திருந்தார். தோள் உயரத்துச் சுவரை மட்டும் எனக்குக் கொடுக்கிறாராம். ஏணியில் வேறு ஆள். தரையை ஒட்டிய பட்டை சின்னவளுக்கு. நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் நான். பயிற்சியில் என் கண் அவள் மூக்குவரை வருகிறது. வாய்வரை வருமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "பார்க்கலாம்" என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகின்றன.

தாள் இன்னும் கீழே இருக்கிறதாம். என் பார்வை இந்த வரியோடு நின்றுவிட்டது. மீதியை அவளே எழுதட்டும்.

அப்பா

அக்கா, நான்தான்.

அவர் எழுத எழுத நான் தாளை மேலே ஏற்றி ஏற்றி ஒட்டினேன். இன்னும் ஏற்றுகிறேன் என்றால், கை வலிக்கிறது என்கிறார். கண் வலிக்கிறது என்று சொல்லமாட்டார்.

பயம் போகவில்லை. மாத்திரை நேரம் வருமுன்பே தண்ணீர் டம்ளரோடு போய் நிற்கிறேன். வாசலில் இறங்கும்போது, "அப்பா, படி!" என்று கத்துகிறேன். தெருவே திரும்பிப் பார்க்கிறது. எதிர்வீட்டு அத்தை, "அவருக்குக் காது நல்லாத்தான்டி கேக்குது, எங்களுக்கும் கேக்குது" என்கிறாள்.

நீ கேட்கச் சொன்னதற்குப் பதில்: அப்பா கையை நீட்டி என் மோவாயைப் பிடித்து, அவர் கண்ணுக்கு நேராகக் கொஞ்சம் உயர்த்தினார். "இப்படியே வெச்சுக்க" என்றார்.

அப்படியே வைத்திருக்கிறேன்.

உன் தங்கை